ஆரை அனுப்பிறது

றெக்சனை வெளியே வரச்சொல்லிச் சிங்கராசா கையைக் காட்டியபோது, கோட்டுக்கு வெளியே நின்ற அரிப்பு ஊர்ச் சனத்துக்கு அது விளங்கவே சற்று நேரம் எடுத்தது. மன்னார் நகர மைதானத்தில் உதைபந்தாட்டக் கிண்ணத்துக்கான இறுதி ஆட்டம். எதிரே கீரி ஊர்ப் பெடியள். ஆளுக்கொரு கோல் அடித்திருந்தார்கள். அரிப்பின் நீலஅலைக் கழகத்துக்குக் கிடைத்த அந்த ஒரே கோலை அடித்தவன் றெக்சன். ஊர் மீளக்குடியேறி, வீடுகளுக்குக் கூரை ஏறி, வள்ளங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு கழகம் ஓர் இறுதி ஆட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தொழிலுக்குப் போகாமல், கடைகளைப் பூட்டிவிட்டு, பெண்களும் வயதானவர்களுமாக லொறியில் ஏறி வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால்தான் றெக்சன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தான். அவனுடைய இடத்துக்கு ஓடி உள்ளே போனவன் நிரோஜன், பயிற்றுநர் சிங்கராசாவின் சொந்த மகன்.

முதலில் முணுமுணுப்பாகத்தான் இருந்தது. றெக்சன் இடைவேளைக்குப் பிறகு காலை இழுத்து இழுத்துத்தான் ஓடினான் என்று யாரோ சொன்னார்கள். ஒற்றைக் காலில் நின்றாலும் அவன் நிற்க வேண்டும் என்று வேறொருவர் சொன்னார். பிறகு, “தேப்பன் மகன்ர கழகமோ?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பருவம் முழுவதும் நிரோஜனை உள்ளே விடாமல், மேலதிக ஆட்டக்காரர் இருக்கிற வாங்கிலிலேயே இருத்தி வைத்திருந்தவர் சிங்கராசா. அப்போதும் இதே சனம் குறை சொன்னது. சொந்த மகன் என்றதால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிறார், நல்லா ஓடுகிற பெடியனை வீணாக்குகிறார் என்றார்கள்.

கூட்டத்தில் பெரிய குரல் பெனடிக்ற்றுடையது. ஓட்டோ ஓடுகிற மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யுத்தத்தின் கடைசி வருசங்களில் அவர் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தார். மனைவி திரேசம்மாவோடு ஊர் திரும்பியபோது, யுத்தத்துக்குள்ளேயே இருந்தவர்கள் கூடிப் பேசுகிற இடங்களில் தனக்கு ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கண்டார். பதுங்குகுழி, செல்லடி, கஞ்சி வரிசை என்று பேச்சுப் போகும். அவர் நடுவில் வாயைத் திறந்தால், “நீங்கள் அங்கால நிம்மதியா இருந்தனீங்கள்” என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பந்து மைதானத்தில் மட்டும் எவரும் அவரிடம் அப்போது எங்கே நின்றீர்கள் என்று கேட்பதில்லை. அங்கே கத்துவதற்கு எல்லோருக்கும் ஒரே உரிமை. அவர் கத்தினார். சனம் சிரித்தது. இரண்டு பருவத்துக்குள் அவர் இல்லாத ஆட்டம் உப்பில்லாத கறி என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

நிரோஜன் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பந்து அவனுடைய காலுக்கு வந்தது. முன்னால் கீரிக்காரரின் கோல்காப்பாளனைத் தவிர ஒருவரும் இல்லை. தட்டிவிட்டிருந்தாலே போதும். அவன் ஓங்கி அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போய் மதிலுக்கு அப்பால் விழுந்தது.

மைதானம் ஒரேயடியாக அடங்கியது. அத்தனை சனமும் மூச்சை உள்ளுக்கு இழுத்துவிட்டு வெளியே விடாமல் நின்றது. பெனடிக்ற்றின் குரல் அந்த அமைதிக்குள் விழுந்தது.

“சிங்கராசா அண்ணை, ஆரை அனுப்பிறது, ஆரை வச்சிருக்கிறதெண்டு உங்களுக்கு எப்பதான் தெரிஞ்சது?”

சனம் வெடித்துச் சிரித்தது. கீரிப் பக்கத்தில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். இளந்தாரிகள் அதைப் பிடித்துக்கொண்டு கைதட்டித் தாளம்போட்டுச் சொல்லத் தொடங்கினார்கள். ஆரை அனுப்பிறது, ஆரை வச்சிருக்கிறது. வாங்கிலுக்குப் பக்கத்தில் நின்ற சிங்கராசா மெல்லத் திரும்பினார். கோபமான முகம் இல்லை. கூட்டத்துக்குள் ஒருவரைத் தேடுகிறவரைப்போல் பார்த்தார். பெனடிக்ற்றைக் கண்டதும் பார்வை நின்றது. பிறகு மறுபடி ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். அந்த மைதானத்தில் அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் இருவர்தான். அது அவருக்கும் தெரிந்தது, இவருக்கும் தெரிந்தது.

முந்தின மாரிகாலத்தில் நடந்தது அது. சிங்கராசாவின் மனைவி பாலேஸ்வரி மன்னார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவளைப் பார்த்துவிட்டுச் சிங்கராசா பெனடிக்ற்றின் ஓட்டோவில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வங்காலையைத் தாண்டியதும் றோட்டே தெரியாத மழை. ஒரு பஸ் தரிப்பிடத்தில் ஓட்டோவை ஒதுக்கிவிட்டு இருவரும் ஏறி நின்றார்கள். சிங்கராசா வெள்ளாங்குளத்துக்காரர். இளமையில் மாவட்ட அணிக்கு ஆடியவர். இப்போது அரிப்பில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அதிகம் பேசாத மனிதர். மழை விடுகிற மாதிரி இல்லை. எதைப் பற்றியோ கதைத்துக்கொண்டிருந்தவர், கேட்காமலே தன் மூத்தவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யுத்தத்தின் கடைசி மாதங்களில் கடற்கரை ஓரம் ஒரு பதுங்குகுழியில் குடும்பம் இருந்தது. அவர் காலில் காயத்தோடு நடக்க முடியாமல் கிடந்தார். ஒரு காலைநேரம், பால்மா குடுக்கினமாம் என்று சத்தம் கேட்டது. பக்கத்தில் மூத்தவன் கீர்த்தனன், இளையவன் நிரோஜன், இரண்டு பேரும் இருந்தார்கள்.

“ஆரை அனுப்பிறது, ஆரை வச்சிருக்கிறதெண்டு ஒரு நிமிசம் யோசிச்சனான் பெனடிக்ற்,” என்றார் சிங்கராசா. “மூத்தவன் நல்லா ஓடுவான். அதால அவனை அனுப்பினனான்.”

பால்மா வரிசைக்குள் செல் விழுந்து வெடித்தது. அதற்குமேல் அவர் சொல்லவில்லை. மழை குறைந்ததும் பெனடிக்ற் ஓட்டோவின் இருக்கையைத் தன் துவாயால் துடைத்துவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று முழுக்க அவருக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது. கூடவே, வெளியில் சொல்ல முடியாத ஒரு பெருமையும் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, அந்த மனிதர் தன்னிடம் சொல்லியிருக்கிறார்.

மைதானத்தில் அந்த வார்த்தைகள் எப்படி வாய்க்கு வந்தன என்று பெனடிக்ற் பிறகு பல தடவை யோசித்தார். தற்செயலாக வந்தது, பந்தைப் பற்றித்தான் சொன்னேன் என்று தனக்கே சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. பந்து கம்பத்துக்கு மேலால் போன அந்தக் கணத்தில், இந்த மனிதருக்கு நோக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். எது நோகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருட்டில் அலுமாரிக்குள் கையை விட்டாலும் வேண்டியதைச் சரியாக எடுக்கிறவனைப்போல அதை எடுத்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் கீரிக்காரர் இன்னொரு கோல் அடித்தார்கள். திரும்பி வந்த லொறியில் தோல்வியை மறந்து அந்த வசனத்தையே பாடிக்கொண்டு வந்தார்கள். அலெக்ஸாண்டர் என்ற பெடியன் சிங்கராசாவின் படத்துக்கு மேல் அதை எழுதி பேஸ்புக்கில் போட்டான். வீட்டுக்கு வந்தபோது திரேசம்மாவின் காதுக்கும் அது எட்டியிருந்தது. நல்லாக் கேட்டீங்களாமே என்று சிரித்துக்கொண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள். பெனடிக்ற் பசியில்லை என்று படுக்கப்போனார். அடுத்தடுத்த நாட்களில் தேநீர்க்கடையில் அவருக்கு இடம்விட்டு எழும்பினார்கள். மீன்வாடியில், யார் ஐஸ் எடுக்கப் போவது என்று பேச்சு வந்தால் அந்த வசனம் வந்தது. பள்ளிக்கூடத்தில் யாரைக் கரும்பலகைக்கு அனுப்புவது என்றாலும் அதுதான். இனி அதை விடுங்கோ என்று அவர் சொல்லிப் பார்த்தார். அடக்கமாக இருக்கிறார் என்று அவர்கள் மேலும் சிரித்தார்கள். ஏன் விட வேண்டும் என்பதற்கு ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொன்னால் முதலில் செய்ததை இரண்டாம் தடவையும் செய்தவராவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாசிகசாலையில் கழகக் கூட்டம் நடந்தது. கழகத் தலைவர் யாகப்பு, பார்க்க வருகிற சனம் பயிற்றுநரின் முடிவுகளைப் பற்றி மைதானத்தில் வாய்திறக்கக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவர வேண்டும் என்றார். பெடியளோடு நாள்தோறும் நிற்கிறவருக்குத் தெரியாததா கோட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்குத் தெரியும் என்று கேட்டார். அதற்கு எதிர்ப்பு எழும்பியது. வெயிலுக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன், அடிக்கிற கோலுக்குக் கைதட்டலாம், விடுகிற பிழையைச் சொல்லக் கூடாதா என்றார்கள். கழகம் ஊருடையதா, ஓர் ஆளுடையதா என்றார்கள். கடைசியில் எல்லோரும் பெனடிக்ற்றைப் பார்த்தார்கள். நீங்கள் சொல்லுங்கோ, சனத்தின்ர வாய் நீங்கள்தானே என்று ஒருவர் சொன்னார். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

மூலையில் இருந்த சிங்கராசா எழும்பினார். “அப்பிடி விதியொண்டும் வேண்டாம்,” என்றார். “பாக்க வாற சனம் கதைக்கத்தான் வேணும். றெக்சனை வெளிய எடுத்தது சரியோ பிழையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பிழையாத்தான் இருக்கும். அதைச் சொன்னதுக்காக நான் ஆரோடயும் கோவிக்கேல்லை.”

சனம் கைதட்டியது. யாகப்பு விதியைக் கைவிட்டார். பெனடிக்ற்றின் பக்கத்தில் இருந்தவர் அவருடைய முதுகில் தட்டினார். அந்தத் தட்டு சட்டையைத் தாண்டித் தோலில் சுட்டது.

அந்தக் கிழமையே அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முழங்காலில் இருந்தபோது சொல்ல வந்தது வேறு. வாயிலிருந்து வந்ததோ, விளையாட்டுப் பார்க்கிற இடத்தில் ஒருவரைப் பலர் முன்னால் ஏசிவிட்டேன் என்பதுதான். உள்ளே இருந்த பங்குச்சாமியாரும் அன்று மைதானத்துக்கு வந்திருந்தவர். அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது. றெக்சனை வெளியே எடுத்தது பிழைதானே என்று மெல்லச் சொல்லிவிட்டு, இனி வாயை அடக்கும்படி புத்தி சொல்லி, அருள்நிறைந்த மரியாயே மூன்று தடவை சொல்லச் சொன்னார். பெனடிக்ற் அதைச் சொன்னார். சொல்லச்சொல்லத் தான் சாமியாரிடமும் பொய் சொல்லிவிட்டு வந்திருப்பது தெரிந்தது. இரண்டாவதோடு நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

பிறகுதான் சங்கக்கடைக்குப் போனார். மத்தியானம், சனம் குறைந்த நேரம். சிங்கராசா தராசுக்குப் பின்னால் நின்றார். என்ன வேணும் என்று கேட்டார். வீட்டில் சீனி இருக்கிறது என்று தெரிந்தும் பெனடிக்ற் சீனி என்றார். சிங்கராசா வழக்கம்போலவே பையை நிறுத்துக் கட்டினார். கடையில் நின்ற பெண் போகும்வரை பெனடிக்ற் சவர்க்கார அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை, அண்டைக்கு மைதானத்தில நான்…” என்று தொடங்கினார். மிச்சத்தை அவரால் சொல்ல முடியவில்லை. “பந்து போன கோவத்தில சொன்னது,” என்று முடித்தார். முடித்ததும் தன் வாயின் மேலேயே அருவருப்பு வந்தது.

சிங்கராசா நூலை அறுத்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“பந்தைப் பற்றி நீர் என்னவும் சொல்லலாம் பெனடிக்ற். நான் கூட்டத்திலயும் அதைத்தானே சொன்னனான். ஆனா அதை நீர் எங்கயிருந்து எடுத்தனீர்?”

பெனடிக்ற் சீனிப் பையைப் பார்த்தார்.

“யுத்தத்துக்குள்ள நிண்ட ஆக்களுக்கு இதைச் சொல்லேலாது. அவையளும் ஆரையோ அனுப்பினவையள்தான். நீர் அங்க நிக்காத ஆள். அதாலதான் உமக்குச் சொன்னனான்.” சிங்கராசாவின் குரல் உயரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு இன்னும் தணித்தார். “பாலேஸ்வரிக்கு நான் சொல்லேல்லை. அவ அப்ப தண்ணிக்குப் போயிருந்தவ. மூத்தவன் தானா எழும்பி ஓடினவன் எண்டுதான் சொன்னனான். இளையவனுக்கும் ஞாபகமில்லை. உமக்கு மட்டும்தான் தெரியும்.”

அந்த வசனத்துக்காகத் திட்டியிருந்தால், கன்னத்தில் அறைந்திருந்தால் பெனடிக்ற்றுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சிங்கராசா சீனிப் பையை அவர் பக்கமாகத் தள்ளினார். வேறு யாரோ கடைக்குள் வந்தார்கள். மனேஜர் அவர்களைப் பார்த்து என்ன வேணும் என்று கேட்டார். பெனடிக்ற் வெளியே வந்து ஓட்டோவுக்குள் ஏறி இருந்தார். மன்னிப்பு என்ற சொல்லைத் தான் சொல்லவே இல்லை என்பது கொஞ்சத் தூரம் ஓடிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகத் துணிவு வரவில்லை.

அதன்பிறகு சங்கக்கடை இருக்கும் றோட்டைத் தவிர்த்தார். பெடியள் மாலையில் பயிற்சி எடுக்கிற வெளிக்கும் போகவில்லை. திரேசம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு கிழமை கழித்து, சிலாவத்துறை ஆஸ்பத்திரி வாசலில் அவர் சவாரிக்கு நின்றபோது, கிளினிக் முடிந்து வந்த பாலேஸ்வரி நேராக அவருடைய ஓட்டோவில் வந்து ஏறினாள். மெலிந்த பெண். பிரஷர் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டடிக்கு விடுங்கோ அண்ணை என்றாள். இறங்கச் சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று யோசித்தபடியே பெனடிக்ற் ஓட்டோவை எடுத்தார். கடற்கரை றோட்டில் காற்று பலமாக அடித்தது. பிறகு, அவர் மைதானத்தில் சொன்ன கதையைத்தான் இப்போது தங்கள் வீட்டில் நாள் முழுக்கக் கதைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். நிரோஜனுக்கு முதலில் வெட்கமாக இருந்ததாம். இப்போது அவனே அதைச் சொல்லி விளையாடுகிறானாம். கடைக்குப் போக வேண்டும் என்றால், தண்ணீர் அள்ள வேண்டும் என்றால், தகப்பனைப் பார்த்து அதைக் கேட்பானாம்.

“முந்தநாள் சாப்பிடேக்கயும் கேட்டவன்,” என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “ஆர் போய் மோர்மிளகாய் எடுத்துக்கொண்டு வாறதெண்டு கதை. அவன் அதைச் சொன்ன உடன இவர் சோத்தோட எழும்பிக் கையைக் கழுவிப்போட்டார். போய்க் கிணத்தடியில நிண்டவர். தோத்ததுக்கு ஆரும் இவ்வளவு நாள் கவலைப்படுவினமே அண்ணை?”

“அழுதவரோ?” பெனடிக்ற்றுக்குத் தெரியாமலே அந்தக் கேள்வி வெளியே வந்துவிட்டது.

“ஏன் அழ வேணும்?” என்றாள் பாலேஸ்வரி.

கண்ணாடியில் அவளுடைய முகம் தெரிந்தது. அவள் றோட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனடிக்ற் பார்வையை றோட்டுக்கு எடுத்தார். எதிரே ஒரு மாடு நின்றது. ஹோர்ன் அடித்து அதை விலத்தினார்.

“அந்தக் கதைக்குள்ள பந்தைத் தவிர வேற என்ன கிடக்கு அண்ணை?”

இந்தப் பெண்ணிடம் பொய் சொல்வது ஒரு பாவம். உண்மையைச் சொல்வது அதைவிடப் பெரியது. இரண்டுக்கும் தகுதியில்லாத ஒருவனிடம் இவள் வந்து கேட்கிறாள். இதெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்ததால் ஒன்றும் இலகுவாகவில்லை.

“ஒண்டுமில்லைத் தங்கச்சி,” என்றார். “பந்துக் கதைதான்.”

அவள் ம் என்றாள். மாத்திரைப் பையின் வாயை முறுக்குவதும் விடுவதுமாக வந்தாள். வீட்டு வளவின் வாசல்படலை வந்ததும் பெனடிக்ற் ஓட்டோவை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

வளவுக்குள் இரண்டு பனைகளுக்கு நடுவே ஒரு பழைய மீன்வலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த பருவத்துக்குக் கோலுக்குக் கட்டுகிற வலை. கிழிந்த இடங்களைத் தைத்துப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் நிரோஜன் நின்றான். இந்தப் பக்கம் சிங்கராசா. மகன் ஏதோ சொல்ல, சிங்கராசா தலையசைத்தபடி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். ஓட்டோச் சத்தத்துக்கு நிமிர்ந்தவர், யாருடைய ஓட்டோவிலிருந்து மனைவி இறங்குகிறாள் என்பதைக் கண்டார். வலையூசி கையில் அப்படியே நின்றது.

அவர் பாலேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெனடிக்ற்றைப் பார்த்தார். பெரிய உடம்புள்ள, பேச்சுக் குறைந்த அந்த மனிதரின் முகத்தில் பயம் இருந்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பயம். பெனடிக்ற் இல்லை என்று தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் பாலேஸ்வரி படலையில் கை வைத்தபடி திரும்பித் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

அவள் உள்ளே நடந்துபோய் மகன் நின்ற பக்கத்தில் நின்றாள். வலைக்கண் ஒன்றுக்குள் விரல்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டாள். காற்றுக்கு வலை உப்பியது. அது அவளுடைய முகத்தில் பட்டு விலகியது, மறுபடி பட்டது. அவள் அதை விலக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் சிங்கராசா ஊசியைப் பிடித்தபடி, எந்தக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தோம் என்று தேடுகிறவரைப்போலக் குனிந்து நின்றார்.